ழ கேட்ட பூட்டு

பூட்டு வாங்கப் போன நான், அது எப்படிப் பூட்டும், எப்படித் திறக்கும் என்று பார்க்கவில்லை. எப்படி மின்னுகிறது என்றுதான் பார்த்தேன். இதை இன்றைக்காவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காஞ்சிபுரத்துக் கடையில் அதைப் பார்த்ததுமே மனம் போய்விட்டது. கறுப்புக் கண்ணாடி முகம், சுற்றிலும் நீல வெளிச்சம். கைரேகைக்குத் திறக்கும் பூட்டும் பக்கத்திலேயே இருந்தது. விரல் பட்டுக் கண்ணாடி அழுக்காகுமே என்று வேண்டாமென்றேன். எண் அமுக்கும் பூட்டு கால்குலேட்டர் மாதிரி இருந்தது. இதுவோ குரலுக்குத் திறக்கும். நாம் வைக்கும் சொல்லைச் சரியாகச் சொன்னால், ஒரு பெண்குரல் "நல்வரவு" என்று செந்தமிழில் வரவேற்கும். கதவைச் சாத்திய முப்பதாவது விநாடி தானாகப் பூட்டிக்கொள்ளும், அதுதான் பாதுகாப்பு என்றார் கடைக்காரர். உத்திரமேரூர்த் தமிழாசிரியன் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்?

அவசரத்துக்கென்று அடியில் ஒரு சாவித்துவாரமும் இருந்தது. அழகைக் கெடுக்கிறதே என்று அதன்மேல் ஒரு பித்தளை மயிலை ஒட்டினேன். சாவியை வீட்டுக்குள் பீரோவில் பத்திரப்படுத்தினேன். (இப்போதே சிரித்துவிடாதீர்கள், இன்னும் இருக்கிறது.)

எனக்கு ஒரு நெடுநாள் மனக்குறை. எங்கள் வீட்டில் யாருக்கும் ழ வராது. மகளுக்கு ஆசை ஆசையாக யாழினி என்று பெயர் வைத்தேன். ஒன்றரை வயதுக்குள் அவளை யாயினி ஆக்கிவிட்டார்கள். என் மனைவி செல்வி பக்கத்து ஊரான பெருநகரில் பிறந்தவள், அப்பா உத்திரமேரூரிலேயே பிறந்து வளர்ந்தவர். இருவருக்கும் மழை என்றால் மயை, குழந்தை என்றால் கொயந்த. ஆகவே நான் பூட்டுக்கு வைத்த சொல், வாழைப்பழம். ஒரே சொல்லில் இரண்டு ழ. வீடும் பத்திரமாக இருக்கும், தமிழும் வளரும் என்று கணக்குப் போட்டேன்.

கோடை விடுமுறை என்பதால் முதல் வாரம் முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன். வெளியே போய்விட்டு வருபவர்கள் வாசலில் நின்று "வாயப்பயம்" என்பார்கள். "மன்னிக்கவும். தங்கள் சொல் புரியவில்லை" என்று பூட்டு சொல்லும். நான் உள்ளே இருந்தபடி "நாக்கை மேலே மடித்துச் சொல்லு" என்று பாடம் நடத்திவிட்டுத்தான் திறப்பேன்.

"டேய், என் வூட்டுக்குள்ள வர்றதுக்கு நான் பரீச்ச எய்தணுமா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். பெரிய மனிதன் மாதிரி சிரித்து வைத்தேன்.

எட்டாம் நாள், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளக் காஞ்சிபுரம் போனேன். திரும்பி வந்தால், வாசலில் செல்வியும் அப்பாவும் முகமெல்லாம் வேர்த்து நிற்கிறார்கள்.

"கொடியில துணி எடுக்க வந்தேங்க, கதவு சாத்திக்கிச்சி. கொயந்த தூளியில தூங்கினு கீது. அடுப்புல பருப்பு கீது. நானும் மாமாவும் மாத்தி மாத்திச் சொல்றோம், தொறக்க மாட்டேங்குது" என்றாள் செல்வி.

கொல்லைக் கதவு உள்தாழ்ப்பாள். ஜன்னலுக்குக் கம்பி. அவள் போன் உள்ளே. என் போனில் பூட்டுக்கான செயலி இருந்தது, ஆனால் கரண்ட் போனதில் வைஃபையும் போயிருந்தது; பூட்டு மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

அந்த வாய் பாதி மரத்திருந்தது. கன்னத்துக்குள் பஞ்சு வேறு. "வாவப்பவம்" என்றேன். மன்னிக்கவும் என்றது. பஞ்சைத் துப்பிவிட்டு "வாளஃபளம்" என்றேன். மறுபடி மன்னிக்கவும். மூன்றாவது முறை நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "பாதுகாப்புக் கருதி இரண்டு நிமிடங்கள் காத்திருக்கவும்" என்றது பூட்டு. யாருடைய பாதுகாப்பு என்று சொல்லவில்லை.

ஜன்னல் வழியாகப் பருப்பு கருகும் நாற்றம் வந்தது. உள்ளே யாழினி அழ ஆரம்பித்தாள். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று நினைத்தேன். அப்பா கடப்பாரை கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

அப்போதுதான் அடுத்த தெருவிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "வாழைப்பழம்... வாழைப்பழம்... பூவன், ரஸ்தாளி, வாழைப்பழம்..." பழம் விற்கும் வண்டியில் பதிவு செய்து ஓடவிட்ட ஸ்பீக்கர். யார் பேசிப் பதிந்தார்களோ, என் ஆயுளில் அப்படி ஒரு சுத்தமான ழ கேட்டதில்லை.

நான் அதை ரசித்துக்கொண்டு நின்றேன். (தொழில் புத்தி.) செல்வி செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பூட்டு சொன்ன இரண்டு நிமிடம் தீர்வதற்கும் அவள் வண்டிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

"அண்ணா, ஸ்பீக்கர இந்தக் கதவாண்ட திருப்புண்ணா."

"எத்தினி சீப்பு வோணும்மா?"

"சீப்பு அப்பறம். மொதல்ல அத்தப் பேச வுடு."

"வாழைப்பழம்" என்றது வண்டி.

"நல்வரவு" என்றது பூட்டு.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பாத்திரத்தில் பருப்பு கரியாகியிருந்தது. செல்வி யாழினியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டதும் அழுகை நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தவில்லை. மரத்த வாயில் அழுவது பார்ப்பவர்களுக்குச் சிரிப்பது மாதிரி இருக்குமாம். அதற்கும் திட்டு வாங்கினேன்.

"பயம் விக்கிற வண்டிக்குத் தொறக்குது, பெத்தவளுக்குத் தொறக்கல. இன்னா பூட்டு வாங்கினீங்க நீங்க?" என்றாள் செல்வி.

கடப்பாரையோடு வந்த அப்பா, கதவு திறந்திருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துபோனார். கொண்டுவந்ததற்காக முதலில் மயிலைப் பெயர்த்தார். அப்புறம் பூட்டை.

இப்போது எங்கள் கதவில் சாதாரணப் பூட்டு தொங்குகிறது. சாவி இடுப்பில் இருக்கிறது, என் இடுப்பில் அல்ல, செல்வியின் இடுப்பில். பழவண்டி தெருவுக்குள் நுழைந்தால் போதும், யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "வாத்தியாரே, உங்கூட்டுச் சாவி வருது."

யாழினி ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். வண்டிச் சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, வாயப்பயம் வாங்கலாம்பா" என்பாள். நான் திருத்துவதில்லை. பேசாமல் போய் ஒரு சீப்பு வாங்கி வருகிறேன்.