மனக்குறை தீர்த்த கம்பெனி

ஊழியரின் மனத்தை ஊழியரிடமே விட்டுவைப்பது ஆபத்து என்று உலகில் முதன்முதலாக உணர்ந்த நிறுவனம் எது என்று வருங்காலத்தில் யாராவது கேட்டால், சற்றும் தயங்காமல் அந்த லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியைக் கைகாட்டலாம். மற்ற கம்பெனிகள் ஊழியருக்கு நாற்காலி கொடுத்தன, மின்விசிறி கொடுத்தன, வருஷக் கடைசியில் ஒரு காலண்டர் கொடுத்தன. இந்தக் கம்பெனியோ மன அமைதியே கொடுத்தது. அதுவும் மொத்தமாக அல்ல. சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஆளாளுக்கு அளவெடுத்து. திட்டத்தின் பெயர் ‘உங்கள் மனம், எங்கள் பொறுப்பு’. முப்பது வயதுக்கு உட்பட்ட ஊழியர் அனைவரும் இந்தக் காலாண்டுக்குள் அமைதியடைய வேண்டும். அடையாதவர்கள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

இந்த மகத்தான திட்டத்தின் முதல் பயனாளி, புகார்ப் பிரிவில் இருந்த ஓர் இருபத்தாறு வயதுப் பெண். அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘ஹலோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வேலை அப்படி. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அமுக்கினால் புகார்ப் பிரிவில் போன் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது அவள் பொறுப்பு.

அந்தப் பிரிவில் மேசை மூன்று, போன் மூன்று, ஆளும் ஒரு காலத்தில் மூன்று. ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போனார். இன்னொருவர் ‘விடுவிக்கப்பட்டார்’, இத்தனை நாளாகத் தன்னைக் கட்டிப்போட்டிருந்தார்கள் என்பதே பாவம் அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். உடனே மேலாளர் ஹலோவை அழைத்து, "உன்மேல எனக்கு இருக்கற நம்பிக்கை உனக்கே கிடையாதும்மா" என்று நெகிழ்ந்து, மூன்று போன்களையும் அவள் மேசைக்கே மாற்றித் தந்தார்.

எட்டு மாதம் ஓடியது. ஹலோ நன்றாகத்தான் இருந்தாள். வீட்டில் குளிக்கும்போது அம்மா கதவைத் தட்டினால் மட்டும், "பதறாதீங்க, கதவைக் கையால தள்ளாதீங்க, எந்த மாடி?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அம்மா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள்; விதவிதமான மனிதர்களைப் பார்த்தவள். "மாடியே இல்லாத வீட்டுல எந்த மாடிடீ?" என்று கேட்டதோடு விட்டுவிட்டாள்.

விஷயம் முற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு காதிலும் இரண்டு லிஃப்ட் அழுதுகொண்டிருக்க, மூன்றாவது போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுப்பதற்குள் நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. மறுமுனையில் வயதான ஓர் அம்மாள். திட்டவில்லை, கத்தவில்லை. "எடுத்துட்டியா கண்ணு? நீ சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார்.

அவ்வளவுதான். ஹலோவின் கை நடுங்கத் தொடங்கியது. மறுநாளும் நிற்கவில்லை. அந்தக் கையாலேயே, இன்னும் இரண்டு பேரை வேலைக்குப் போடும்படி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள். மேலாளர் பொறுப்பானவர். கடிதத்தில் இருந்த விஷயத்தைக் கவனிக்காவிட்டாலும், எழுத்து கோணிக்கொண்டு போயிருந்ததைக் கவனித்து, அவளை நலவாழ்வு அலுவலரிடம் அனுப்பிவைத்தார்.

நலவாழ்வு அலுவலர் போன மாதம்வரை கம்பெனியின் ஸ்டோர் ரூமில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர். மூன்று நாள் பயிற்சிக்குப் பிறகு மனங்களைப் பார்த்துக்கொள்கிறார். சுவரில் ஓர் அருவிப் படம், மேசையில் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம்.

"காதுல ஏதாவது குரல் கேக்குதா?"

"கேக்குது சார்."

அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை?"

"ஒரு நாளைக்கு நூத்திருபது இருக்கும்."

"என்ன சொல்லுது?"

"காப்பாத்துங்க, கதவைத் திறங்க, மூச்சு முட்டுதுன்னு."

"நீங்க பதில் சொல்றதுண்டா?"

"சொல்லலைன்னா சம்பளம் கிடையாதே சார்."

‘குரல்களுக்குப் பதில் சொன்னால்தான் சம்பளம் வரும் என்று நம்புகிறார்’ என்று அலுவலர் கவலையோடு எழுதிக்கொண்டார்.

"சார், அதுதான் என் வேலையே. மூணு பேர் வேலையை ஒருத்தியா பாக்கறேன். பிரச்சினை அதுதான்."

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "காரணம்னு இதுல நாலே கட்டம்தாம்மா இருக்கு. குழந்தைப் பருவம், தூக்கம், செல்போன், அம்மா. வேலைன்னு கட்டமே இல்லையே."

"ஏன் சார் இல்ல?"

"படிவம் அடிச்சது கம்பெனியாச்சே" என்றார் அவர், கள்ளங்கபடம் இல்லாமல். "சரி, குழந்தைப் பருவம் எப்படி?"

"நல்லாத்தான் இருந்தது."

"தூக்கம்?"

"படுத்தா வருது. படுக்கத்தான் நேரமில்ல."

"செல்போன்?"

"போனைப் பாத்தாலே பயம் சார். வீட்டுக்குப் போனா தொடறதே இல்ல."

"அப்ப அம்மாதான்" என்று டிக் அடித்தார்.

இரண்டே நாளில் அவளுடைய தனித் திட்டம் வந்தது. ‘அன்புள்ள திரு/திருமதி/செல்வி, இது உங்களுக்காக, உங்களுக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டது’ என்று தொடங்கியது. அதே கடிதம் பக்கத்து அறையில் பதினோரு பேருக்கு வந்திருந்தது. அவர்களுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டிருந்தது. அதன்படி தினம் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிஷம், கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி. போன்களுக்கு இது தெரிவிக்கப்படவில்லை. முதல் பயிற்சியின் நடுவிலேயே ஒன்று அடித்தது.

"ஏங்க, லிஃப்ட் நின்னுடுச்சுங்க!"

"மெக்கானிக் கிளம்பிட்டாருங்க" என்ற ஹலோவுக்குக் கண்ணைத் திறக்க அனுமதி இல்லை. "நல்லா உள்ள இழுங்க. அப்படியே மெதுவா வெளிய விடுங்க."

"நீங்கதாங்க என்னை வெளிய விடணும்!"

"மூச்சைச் சொன்னேங்க."

மெக்கானிக் வரும்வரை இருவரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். வெளியே வந்தவர் நன்றிக் கடிதம் எழுதினார். நலவாழ்வு அலுவலர் ‘பயனடைந்தோர்: இரண்டு’ என்று பதிவேட்டில் ஏற்றினார்.

கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. எனவே திட்டத்தின் அடுத்த கட்டமாக வீட்டுக்கு ஓர் ஓலை போனது: ‘மூலகாரணம் திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வரவும்.’

மூலகாரணம் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாள். அலுவலர் கூட்டத்தில் இருந்ததால், மகளின் அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். மகள் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்திருந்தாள். மூன்றாவது அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் மணி அடித்தவளுக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எடுத்தாள்.

"சொல்லுங்க. உள்ள எத்தனை பேரு? ஒருத்தர்தானா? அப்ப தாராளமா இடம் இருக்கே, உக்காருங்க. வண்டி இப்பக் கிளம்பிடும்."

பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்த அலுவலர், அம்மாவும் பெண்ணும் அடுத்தடுத்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு பூரித்தார். இருவரும் பேசியது வெவ்வேறு லிஃப்டுகளோடு என்பது ஒரு சிறு விவரம். இதற்கு ‘தாய்–மகள் கூட்டுச் சிகிச்சை’ என்று பெயர் வைத்து, வாரம் முழுக்க நீட்டித்தார்.

சிகிச்சை அபாரமாக வேலை செய்தது. செவ்வாயன்று ஹலோ சாப்பாட்டைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டாள். புதனன்று யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தாள். வியாழனன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது தன் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடவில்லை.

வெள்ளிக்கிழமை பாராட்டுக் கூட்டம். மேலாளர் மேடைக் குரலில் பேசினார். ஒரு தனி மனுஷியின் மனத்துக்காக ஒரு நிறுவனமே இறங்கி வந்த வரலாற்றை விவரித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உங்க பொண்ணோட மனக்குறை எப்படித் தீர்ந்ததுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

அம்மா எழுந்தாள். "மனக்குறையும் இல்ல ஒண்ணும் இல்ல சார். ஆள் குறை. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நலவாழ்வு அலுவலர் கூட்டக் குறிப்பில் ஓர் எழுத்தும் மாற்றாமல் பதிந்தார்: ‘ஊழியரின் தாயார் கோரியது: ஆள் குறை.’

மேலாளர் கண் கலங்கிவிட்டது. "இதைத்தாங்க நான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்!" என்றார். தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது.

மாலை ஐந்து மணிக்கு உத்தரவு வந்தது. ‘தங்கள் தாயாரின் வேண்டுகோளை ஏற்று, புகார்ப் பிரிவில் ஆள் குறைக்கப்படுகிறது.’ ஹலோ இரண்டு முறை படித்தாள். காதில் ஒரு பெண், ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவில். மெக்கானிக் வந்து, கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை அவளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, போனை அதன் இடத்தில் வைத்தாள்.

"இறங்கற இடம் வந்துடுச்சு, எழுந்திரு" என்றாள் அம்மா.

அந்த ஆண்டின் நலவாழ்வு அறிக்கை பளபளப்பான தாளில் வெளிவந்தது. புகார்ப் பிரிவில் மன உளைச்சலால் அவதிப்படும் ஊழியர்: பூஜ்யம். மன அமைதி: நூற்றுக்கு நூறு. நம்பாமல் நேரில் போய்ப் பார்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று போன்களும் அடித்துக்கொண்டிருந்த அந்த அறையில், நோவதற்கு ஒரு மனம்கூட மிச்சம் இல்லை.