உலகத்தை அளந்த இஞ்சு டேப்

அவள் போகக் கூடாது. அவ்வளவுதான். நாற்பது வருடம் துணி வெட்டியவன் நான். அரை அங்குலம் பிசகியதில்லை. ஆனால் என் வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பது எனக்குத் தெரியாது. துண்டும் அவள் கையிலிருந்துதான் வரும், காப்பியும் அவள் கையிலிருந்துதான் வரும். கடல் தாண்டி இருக்கும் மகள், "அம்மா, ஒரு மாசம் வந்து இரு" என்று கூப்பிட்டுவிட்டாள். விமானம் என்றாலே எனக்குப் பயம். அதனால் என்னைக் கூப்பிடவே இல்லை.

'நீ இல்லாமல் என்னால் முடியாது' என்று மனைவியிடம் சொல்லிவிடலாம். வெட்கமாக இருந்தது. இஞ்சு டேப்பை எடுத்தேன்.

மகள் பள்ளியில் படித்த காலத்துப் பூகோள உருண்டை அலமாரி மேல் இருந்தது. எங்கள் ஊருக்கும் அவள் ஊருக்கும் நடுவே டேப்பை ஓட்டி, அங்குலத்தைக் கிலோமீட்டராக்கினேன். பதின்மூவாயிரம் கிலோமீட்டர். பயமுறுத்தப் போதாது. என் தையல்கடைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளந்தேன். பதினேழாயிரம். உருண்டையைத் தட்டையாக விரித்தால் இழுபடும் என்று தையல்காரனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உருண்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

"இங்க பாரு. பதினேழாயிரம் கிலோமீட்டர். விமானம் மணிக்கு எண்ணூத்தம்பது போகும். வகுத்தா இருபது மணி நேரம்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இருபதா?"

"முழுசா இருபது. உன் முட்டி தாங்குமா? பஸ்ஸில அரை மணி உட்கார்ந்தாலே நீவி விடச் சொல்லுவே."

"சொல்லுவேன். நீங்க எப்ப நீவி விட்டீங்க?"

"அது வேற கணக்கு."

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வாடியது. ஜெயித்துவிட்டேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"நீங்க சொல்றது சரிதாங்க. இவ்வளவு தூரம் போயிட்டு ஒரே மாசத்தில திரும்பினா என்ன நியாயம்? முட்டி சரியாகவே ஒரு மாசம் ஆகும். ஆறு மாசம் இருந்துட்டு வரேன்."

கட்டிலுக்கடியில் புகுந்து உருண்டையோடு வெளியே வந்தேன்.

"இரு, இரு. தப்பா அளந்துட்டேன். தட்டைத் துணியை வச்சுத் தொப்பையை அளக்கலாமா? இதோ, பதின்மூவாயிரந்தான். பதினஞ்சு மணி நேரம். தூங்கி எந்திரிச்சா அங்க இருப்பே. பக்கத்து வீடு மாதிரி."

"அலமாரி மேல இருந்தது கட்டிலுக்கடியில எப்படிப் போச்சு?"

நான் தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டினேன்.

அவள் டேப்பை வாங்கித் தானும் ஒருமுறை அளந்தாள். அழகாகச் சுருட்டி என் கையில் வைத்தாள். போனை எடுத்தாள்.

"ஏம்மா, அப்பா அளந்து சொல்லிட்டாரு. நீ ரொம்பக் கிட்டத்திலதான் இருக்கியாம். இனிமே வருஷத்துக்கு ரெண்டு தடவை வரேன். எத்தனை நாளா? அதையும் அவரு கணக்கிலயே முடிவு பண்ணிட்டோம். தடவைக்கு ஆறு மாசம்."

பன்னிரண்டில் ஆறைக் கழித்தேன். இன்னோர் ஆறையும் கழித்தேன். எனக்கு மிச்சம் ஒன்றும் வரவில்லை.

போனைக் காதில் வைத்தபடியே அவள் என் கையைப் பிடித்து அடுப்பின் முன்னால் நிறுத்தி, "இதை இடது பக்கம் திருகணும்" என்றாள்.