செக்கிங் பாஸ் செய்த நோட்டீஸ்

முருகப்பெருமானே மயிலோடு வந்து நின்றாலும், தோகையில் இடதுபக்கம் இரண்டு இறகு குறைகிறது என்று திருப்பி அனுப்பக்கூடிய மனிதர் திருப்பூரிலேயே ஒருவர்தான். அவர் ஆறு வருடம் என் வீட்டில் குடியிருந்தார்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்பதால், எங்கள் வீரபாண்டித் தெருவுக்கே அவர் 'செக்கிங்'தான். தைத்து வரும் பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைப்பார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஒண்டிக்கட்டை. "பத்தே நாள் அண்ணாச்சி, வேற இடம் கெடச்சதும் போயிருதேன்" என்று வந்தார். எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த முன்னறையைக் கொடுத்தேன். பத்து நாளுக்கு யாராவது அக்ரிமெண்ட் எழுதுவார்களா?

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அவருக்கு வேலை முடியாது. நான் கிளம்பும்போது, "அண்ணாச்சி, மூணாவது பட்டன்ல நூல் பிரிஞ்சிருக்கு" என்பார். ஒருநாள் என் மனைவி சாந்தி ஃபிரிட்ஜைத் திறந்தால், முந்தாநாள் சாம்பார் பாத்திரத்தில் சிவப்பு அம்பு. பழகிப்போய்விட்டது. அலுத்தும் போய்விட்டது.

இந்த நிலையில்தான் காங்கேயத்தில் தனியாக இருந்த என் மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். எங்கள் படுக்கையறை மாடியில். எங்களோடு கூட்டிவந்துவிட்ட அவரால் படியேற முடியாது. கீழே படுக்க இருக்கும் ஒரே அறை அந்த முன்னறைதான், பாத்ரூமும் அதற்குள்தான். மாமனார் ஹாலில், போர்வைத் தடுப்புக்குப் பின்னால், வருகிறவர் போகிறவர் பார்க்கக் கூசிக்கொண்டு கிடந்தார். சாந்தி சமையலறையில் நின்று அழுதாள்.

பேசிவிடுவது என்று போனேன். நம் ஊர் வாய் எங்கே நேராகப் பேசும்? "ஏனுங்க, ரூமெல்லாம் வசதியா இருக்குதுங்களா?" என்றேன்.

"ஜன்னல் கொண்டிதான் சரியில்ல அண்ணாச்சி."

கொண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

"ஊட்டைக் காலி பண்ணச் சொல்லப் போனீங்களா, கொண்டி மாட்டப் போனீங்களா?" என்றாள் சாந்தி.

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வாயால சொன்னா எப்படி அண்ணாச்சி? எதையும் எழுத்துல குடுங்க, பாக்கேன்" என்றார். எழுத்தே இல்லாமல் ஆறு வருடம் இருந்தவர்!

வக்கீலிடம் போனேன். "எழுத்து இல்லீனாலும் குடியிருக்கறவர் குடியிருக்கறவர்தானுங்க. சாமானைத் தூக்கி வெளிய வெக்கறது, தண்ணி கரண்டை நிறுத்தறது எல்லாம் ஆகாது. மொதல்ல நோட்டீஸ், அப்பறம் கோர்ட்டு. அவுரு பேரென்னங்க?"

"செக்கிங்குங்க" என்றேன். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காலி செய்யச் சொல்லும் ஆளிடமே போய்ப் பெயர் கேட்டு எழுதி வந்தேன்.

முதல் நோட்டீஸ் நான்கு சிவப்பு அம்புகளோடு திரும்பி வந்தது. "அப்பா பேருல ஒரு எழுத்து இல்ல. கதவு நம்பரும் தப்பால்லா போட்டிருக்கிய" என்றார். இரண்டாவதில் ஒரே அம்பு: "முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ளன்னு இருக்கு. அந்த மாசத்துக்கு முப்பது நாள்தான் அண்ணாச்சி."

"நீங்க அவுருக்கு நோட்டீஸ் குடுக்கறீங்களா, எனக்குப் பரிச்சை வெக்கறீங்களா?" என்று வக்கீல் எரிந்து விழுந்தார். கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருடம் ஆகுமோ, அதுவரை மாமனார் அந்தப் போர்வைக்குப் பின்னால்தான் கிடப்பாரோ என்று நினைத்தபடியே மூன்றாவதையும் எழுதச் சொன்னேன்.

மூன்றாவது நோட்டீஸை ஜன்னலருகே கொண்டுபோய், துணியைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். திருப்பியும் பார்த்தார்.

"பாஸ்" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கெடுவுக்குப் பத்து நாள் முன்பே இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துவிட்டார். போவதற்கு முன்னால் மாமனாரின் வாக்கரை வாங்கி, தானே அதைப் பிடித்துக்கொண்டு முன்னறைக் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நாலைந்து முறை நடந்தார். "நெலப்படி ஒசரம். டைல்ஸு வழுக்குது. இதுல பெரியவர விட்டா மறுபடியும் விழுவாரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரே கொத்தனாரோடு வந்தார். நிலைப்படியை இறக்கி, சொரசொரப்பான கல் பதித்து, சுவரில் கைப்பிடி வைத்து, அதில் தன் முழு எடையையும் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்.

அன்று இரவு நான் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன். மாமனார் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். வீடு முழுக்க ஒரு குறை சொல்ல ஆளில்லை.

போன வாரம் அவர் தெருப்பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் வண்டியை அவர் வாசலில் நிறுத்தி, "வண்டில ஏறுங்க, சாந்தி சாப்பாடு போடாம காத்துட்டிருக்கறா" என்றேன்.