மாத்திரைக்கு அரியர்ஸ்

எங்கள் பக்கத்தில் குடை இரவல் கேட்டால் யோசிப்பார்கள். சைக்கிள் பம்ப் கேட்டால், "இப்பத்தான் மச்சினன் எடுத்துட்டுப் போனான்" என்பார்கள். ஆனால் "லேசா தலை வலிக்குது" என்று சும்மா சொல்லிப் பாருங்கள், நாலு பக்கத்திலிருந்தும் மாத்திரையோடு கை நீளும். தான் சாப்பிடுகிற மருந்தை அடுத்தவனுக்குக் கொடுப்பதில் நம்மவர்களுக்கு இருக்கிற தாராள மனசு வேறு எதிலும் கிடையாது. அந்தத் தாராளத்தை இரண்டு கையாலும் வாங்கி, அதோடு என் சொந்த மூளையையும் கொஞ்சம் கலந்து சாப்பிட்டு, ஒரு நாள் காலையில் நான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவன். போகவில்லை. அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு, எழும்பூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம், நடுவில் தினமும் மின்சார ரயில். வயது நாற்பதைத் தொடவில்லை. மார்க்கெட் பக்கம் இருந்த எங்கள் குடும்ப டாக்டர் ஒரு நாள் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "பிரஷர் இருக்கு. தினம் காலையில ஒண்ணு. நிறுத்தக் கூடாது" என்று ஒரு மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தினம் என்றால் தினம்தானே? எனக்கு அப்படிப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, மாத்திரைக்கும் லீவு. பொங்கல், தீபாவளி, சரஸ்வதி பூஜை எல்லாம் சர்க்கார் விடுமுறைப் பட்டியல்படி. தலை சுற்றாத நாட்களில் கேஷுவல் லீவு. (நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு அனாவசியமா?) என் மனைவி வசந்தா தினமும் காலையில் சமையலறையிலிருந்து, "ஏங்க, மாத்திரை?" என்பாள். நானும் தினமும், "ஆச்சு, ஆச்சு" என்பேன். எங்கள் இல்லறத்தில் நான் தவறாமல் செய்துவந்த ஒரே காரியம் அந்தப் பொய்தான்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. வருஷக்கணக்கில் ஏங்கிக் காத்திருந்த சூப்பர்வைசர் நாற்காலி. ஒரே ஒரு நிபந்தனை, ஆபீஸ் டாக்டரிடம் உடம்பைக் காட்டி, 'ஃபிட்' என்று கையெழுத்து வாங்க வேண்டும். பிரஷர் இருந்தால் அன்ஃபிட்தான் என்று ஆபீசில் எவனோ கிளப்பிவிட்டான். அதற்குள் வசந்தா விஷயத்தைத் தெரு முழுக்க, கீரைக்காரம்மா உட்பட, சொல்லி முடித்திருந்தாள். சாயங்காலம் கேசரி என்று அறிவிப்பு வேறு. இனி அன்ஃபிட் என்று திரும்பி வந்தால் அந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

பரிசோதனை நாள் வந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசி அப்படியே இருந்தது. அப்போதுதான் என் குமாஸ்தா மூளை வேலை செய்தது. சர்க்காரில் பஞ்சப்படி சில மாதம் வராமல் போனால் என்ன செய்கிறார்கள்? விட்டுப்போனதை எல்லாம் சேர்த்து, அரியர்ஸ் என்று ஒரே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கு நேராகிவிடுகிறது. அதே நியாயத்தை உடம்புக்கும் பொருத்தினேன். ஒன்றுக்குப் பதில் மூன்று மஞ்சள் மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, அட்டையை வசந்தா கண்ணில் படாமல் சட்டைப் பைக்குள் தள்ளினேன். முழு அரியர்ஸும் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெருந்தன்மையாக மீதியைத் தள்ளுபடி செய்துவிட்டேன். உயிர் பிழைத்தது அந்தத் தள்ளுபடியால்தான்.

"ஏங்க, மாத்திரை?"

"ஆச்சு, ஆச்சு."

முதல் முறையாக உண்மை சொன்னேன்.

ரயிலில் எங்களுக்கு என்று ஒரு பெட்டி, ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. தாம்பரத்தில் புறப்படும் வண்டி என்பதால் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிடுவோம். எதிரில் தாமோதரன், பெருங்களத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர், என் வயதுதான். அவருக்கு இல்லாத வியாதி கிடையாது. காலி ஃபிலிம் ரோல் டப்பாவில் மாத்திரைகளை அட்டையோடு கத்தரித்துப் போட்டு எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். பக்கத்தில் ஜேம்ஸ் சார், பள்ளிக்கூட வாத்தியார். கோயிலில் சுண்டல் பங்கு போடுகிற மாதிரி அந்த பெஞ்சில் மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

"இன்னா சார், மொகம் பேஜாரா கீது?" என்றார் தாமோதரன்.

"இன்னிக்கு மெடிக்கல். பிரஷர் இருந்துச்சுன்னா புரமோஷன் அம்பேல்."

"அட, இதுக்கா சார் பயந்துகினு கீற? நம்மகிட்ட சரக்கு கீது." டப்பாவைத் தட்டி ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்தார். "பிரஷர் மாத்திரை. போட்டுக்கினா ஒடம்புல கீற கெட்ட நீர் அத்தனையும் எறங்கிடும். பிரஷரும் அதுங்கூடவே எறங்கிடும்."

ஜேம்ஸ் சார் பேப்பரை மடித்தார். "இவர்தான் ஏற்கெனவே ஒண்ணு சாப்பிடறாரே. ரெண்டும் ஒரே மருந்தா இருந்துடப் போகுது, பார்த்துக்குங்க."

"இன்னா சார் நீங்க, வாத்தியாரு இப்டிப் பேசறீங்க? அவுருது மஞ்ச. என்னுது வெள்ள. கலரே வேற!"

அதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? கலரே வேறு. வாங்கிப் போட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்கு இருக்கட்டும் என்று அட்டையோடு இன்னொன்றும் என் பையில் திணித்தார், புண்ணியவான்.

பல்லாவரம் தாண்டும்போது அடிவயிற்றிலிருந்து முதல் சேதி வந்தது. மீனம்பாக்கத்தில் இரண்டாவது. அந்தச் சின்ன ரயில்களில் கழிப்பறை கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் அது முழுதாக உறைத்தது. இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். பழவந்தாங்கலில் ஏறிய கூட்டம் என்னை அப்படியே திரும்ப உள்ளே தள்ளியது. என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பரங்கிமலைக்கும் கிண்டிக்கும் நடுவில் வண்டி நின்றது. நின்றதா, நின்றுகொண்டே இருந்தது. சிக்னல் கிடைக்கவில்லையாம். நான் ஒரு காலை மறு காலோடு பின்னி, மேலே தொங்கிய பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன்.

"ஒடம்பு கேட்டுக்கினு கீது பாருங்க சார், மருந்து வேல செய்யுது!" என்று தாமோதரன் கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

எழும்பூரில் நான் இறங்கி ஓடிய ஓட்டத்தை ஓட்டப் பந்தயத்தில் ஓடியிருந்தால் கோப்பை கொடுத்திருப்பார்கள். அப்பாடா! அந்த நிம்மதியை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. ஆனால் ஐந்தடி நடந்தால் மறுபடியும் அதே கதை. ஆபீஸ் மருத்துவப் பிரிவில் சின்ன பாட்டிலைக் கொடுத்து, "கொஞ்சம் போதும்" என்றார்கள். மற்றவர்கள் எல்லாம் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு வராமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் நாலு பேருக்குச் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

டாக்டர் ஒரு சின்ன வயது அம்மா. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முகம் சுருங்கியது. மறுபடி அடித்தார். அடுத்த கையில் மாற்றிச் சுற்றினார். "மெஷின்ல ஏதாவது கோளாறா?" என்று தனக்குள் முணுமுணுத்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. பிரஷரைக் காணோம்! மருந்து ஜெயித்துவிட்டது!

"எழுந்து அந்த எடை மெஷின்ல ஏறுங்க" என்றார்.

எழுந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது தரையில் மல்லாந்திருந்தேன். கால் இரண்டையும் தூக்கி ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். டாக்டர் குனிந்து என் நாடியைப் பிடித்திருந்தார். அவர் நர்ஸை அவசரமாக ஊசி எடுத்து வரச் சொன்னதும்தான் விஷயம் விளையாட்டில்லை என்று புரிந்தது.

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லையே டாக்டர்." (அந்த நிலைமையிலும் நாற்காலி ஆசை!)

"சார், எனக்கு உங்க புரமோஷன் முக்கியம் இல்ல. இது ஹார்ட்டான்னு எனக்குத் தெரியணும். நீங்க உண்மையைச் சொல்லாம நான் ஊசி போட்டா அது உங்களுக்கு ஆகாமப் போகலாம். வீட்டுல யார் இருக்காங்க?"

வீட்டில் யார் இருக்கிறார்கள். வசந்தா ரவையை வறுத்துக்கொண்டிருப்பாள், முந்திரியைத் தனியாக எடுத்து வைத்திருப்பாள். எனக்குச் செத்துப்போகப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாற்காலியாவது மண்ணாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லீவு, அரியர்ஸ், தாமோதரன், வெள்ளை மாத்திரை.

என் பையிலிருந்து எடுத்த மஞ்சள் அட்டையையும் வெள்ளைத் துண்டையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "பின்னால சின்ன எழுத்துல இருக்கு பாருங்க. படிங்க."

படித்தேன். மருந்தின் பெயர் இரண்டிலும் ஒன்றேதான்.

"கலர் வேறயா இருந்ததே டாக்டர்..."

"கம்பெனி வேற. மருந்து ஒண்ணுதான். ஒரு மாத்திரை சாப்பிட வேண்டியவர் நாலு சாப்பிட்டிருக்கீங்க, அதுவும் வெறும் வயித்துல. விட்டுப்போனது விட்டுப்போனதுதான் சார், அதையெல்லாம் சேர்த்துப் போடக் கூடாது. அதோட, நல்லா இருக்கோம்னு நிறுத்தவும் கூடாது. மாத்திரை போடறதாலதான் நல்லா இருக்கீங்க."

ஒரு கட்டிலில் படுக்க வைத்து, இறங்கிப்போன பிரஷர் ஏறுவதற்காகக் கையில் உப்புத் தண்ணீர் சலைன் ஏற்றினார்கள். எங்கள் வீட்டுக்காரர் வீட்டு போனுக்குத் தகவல் போய், மத்தியானம் வசந்தா வந்து சேர்ந்தாள். தலைகூட வாராமல் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். டாக்டர் பயமில்லை என்று சொல்லி, நடந்ததை விளக்கியதும் அழுகை சட்டென்று நின்றது.

"அரியர்ஸா? மாத்திரைக்கு அரியர்ஸா? ஏங்க, நாலு நாள் பட்டினி கிடந்தா அஞ்சாவது நாள் பன்னெண்டு வேளைச் சோத்தையும் ஒண்ணாத் தின்னுவீங்களா?"

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதே சிரிப்போடுதான், "பிரஷர் இருந்தா அன்ஃபிட்னு உங்களுக்கு யார் சொன்னது? ஒழுங்கா மாத்திரை போட்டுக் கட்டுப்பாட்டுல இருந்தா ஃபிட்தான். அடுத்த மாசம் வாங்க" என்றார். நான் பட்ட பாடு அத்தனையும் வீண்! இருந்தும் அந்தக் கட்டிலில் எனக்கு வந்த நிம்மதி எழும்பூர் ஸ்டேஷன் நிம்மதியைவிடப் பெரியது. அடுத்த மாதம் போனேன், ஃபிட். நாற்காலியும் வந்தது, கேசரியும் வந்தது.

தாமோதரன் விஷயம் கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு ஓடிவந்தார். "சார், ஒனுக்கு எதுனா ஆயிருந்தா நான் இன்னா சார் பண்ணுவேன்?" என்று கண் கலங்கினார். வசந்தா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் ஃபிலிம் ரோல் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அது பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டில் ஏலக்காய் டப்பாவாக இருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை ஒத்திப்போட்டு ஒரேயடியாகச் செய்தாலும், "என்ன, அரியர்ஸா?" என்றுதான் கேட்பார்கள். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகம் எடுத்த என் மகளைக் கேட்டார்கள், வாரம் முழுக்கத் தண்ணீர் விடாத ரோஜாச் செடிக்கு வாளியோடு கவிழ்த்த என் மைத்துனரைக் கேட்டார்கள். நானும் அதற்குப் பிறகு வேண்டுமென்று ஒரு நாளும் மாத்திரையை விட்டதில்லை. மறந்து போனால் போனதுதான், மறுநாள் ஒன்றே ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் சம்பளத்தைத் திருத்தியமைத்து உத்தரவு வந்தது. நான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், சந்தோஷம் தாங்காமல் கத்தினேன்.

"வசந்தா! அரியர்ஸ் போட்டாச்சு!"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஒரு கையில் உப்பு ஜாடியும் மறு கையில் தண்ணீர்ச் சொம்புமாக வசந்தா பாய்ந்து வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயோ, எத்தனைங்க போட்டீங்க?"