தேங்காய் படுத்திருந்தும் ஆல்-இன்

"சித்திரை இரண்டாம் ஞாயிறு, மாலை. நீரோட்டத்தார் ஆல்-இன். தேங்காய் படுத்தே இருந்தது." என் டைரியில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. தும்மினால்கூடக் கிழமை போட்டு எழுதுகிறவன் நான். ஆகவே நாளில் சந்தேகம் வேண்டாம்.

தேங்காயைக் கேட்காமல் தலைகூடச் சீவாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் விராலிமலையில், எங்கள் லாட்ஜில், என் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார்.

நிலத்தடி நீர் பார்ப்பது தொழில்; அதனால் எங்களுக்கு அவர் நீரோட்டத்தார். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து வயலில் நடப்பார். நீரோட்டம் உள்ள இடத்தில் அது குடுமியோடு எழுந்து நிற்கும். அங்கே போர் போட வேண்டும். அத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. மெஸ்ஸில் சாம்பார் வாளிக்கு நேரே தேங்காயை நீட்டி, "எந்திரிக்கல தம்பி, ரசமே ஊத்துங்க" என்பார். பஸ் ஸ்டாண்டில் ஒரு திருச்சி கண்டக்டர் பொறுமை இழந்து, "ஏங்க, டிக்கெட் ஒங்களுக்கா, தேங்காய்க்கா?" என்று கேட்டதை நானே கேட்டேன்.

லாட்ஜில் ஞாயிறுதோறும் போக்கர் போட்டி உண்டு. காசு கிடையாது, கந்தர்வக்கோட்டை நண்பர் கொண்டுவரும் முந்திரிக்கொட்டைதான் பந்தயம். (ஒருமுறை வறுத்த பருப்பை வைத்து ஆடினோம். இறுதிச் சுற்றுக்கு ஆட்கள் மிஞ்சினார்கள், பருப்பு மிஞ்சவில்லை.) ஜெயித்தவருக்கு அடுத்த வாரம் முழுக்க மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள கட்டில். சித்திரையில் அது சிம்மாசனம்.

கடைசி இருவர் மோதும்போது எப்போது கையிருப்பு மொத்தத்தையும் பந்தயமாகத் தள்ளுவது, அதாவது ஆல்-இன் போவது என்பது பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம் ஏறிக்கொண்டே போகும். கையிருப்பு அதன் பத்து மடங்குக்கு இறங்கிவிட்டால் நல்ல சீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. சுமாரான சீட்டிலேயே ஆல்-இன் போய்விட வேண்டும். கையில் நிறைய இருந்தால் பொறுமை. நீரோட்டத்தார் எதையும் படித்தவரில்லை. தேங்காயை நீட்டுவார், அது எழுந்தால் "ஆல்-இன்!" ஆனால் என் குறிப்புகளைப் புரட்டினால், அவருடைய கையிருப்பு அந்தப் பத்து மடங்குக்கு இறங்கியபோது மட்டும்தான் அந்தத் தேங்காய் எழுந்திருக்கிறது. கணக்கு தேங்காயுடையதா, அவருடையதா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

"தேங்காய் இல்லாம சொன்னா எவன் சார் நம்புவான்?" என்றார்.

அந்தச் சித்திரை ஞாயிறு இறுதி ஆட்டம் எனக்கும் அவருக்கும். வேடிக்கை பார்க்க ஆவூர் விவசாயி சூசை வந்திருந்தார். அவர் வயலில் நீரோட்டத்தார் ஓர் இடம் குறித்துக் கொடுத்திருந்தார்; சூசைக்கு நம்பிக்கை இல்லை.

"ஏற்கெனவே ரெண்டு எடத்துல போட்டுப் புழுதிதான் பறந்துச்சு. ஒங்க தேங்காய் சொல்றது சீட்டுல பலிக்குதான்னு பாக்குறேன். பலிச்சாத்தான் போர் வண்டி."

"எடம் நல்ல எடம்ங்க. சுத்துப்பட்டுக் கெணறு, பாறை எல்லாம் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"அதெல்லாம் வேணாம். தேங்காய் என்ன சொல்லுது?"

இருவரிடமும் ஏறக்குறைய சமமான குவியல். எனக்கு ஒரு பிடி அதிகம். கட்டாயப் பந்தயமோ இன்னும் சிறியது. யாரும் அவசரப்பட வேண்டிய கட்டமே இல்லை. நீரோட்டத்தார் தன் இரண்டு சீட்டைப் பார்த்தார். சூசையைப் பார்த்தார். தேங்காயை நீட்டினார். அது மதியச் சாப்பாடு முடித்தது மாதிரிப் படுத்துக் கிடந்தது.

"படுத்திருக்குல்ல? நல்லாப் பாத்துக்கங்க" என்றார் சூசையிடம்.

"படுத்துதான் கெடக்கு."

"ஆல்-இன்!" மொத்தக் குவியலும் மேசையின் நடுவுக்கு வந்தது.

"அண்ணே, தேங்காய் எந்திரிக்கலையே!" என்றேன்.

"அது கெடக்கு சார். நீங்க வாரீங்களா, இல்லையா?"

என்னிடம் இரண்டு ராஜா. நானும் ஈடாக வைத்தேன். அவர் விரித்தது ஏழும் இரண்டும், வேறு வேறு ஜாதி. போக்கரில் அதைவிடக் கேவலமான கை கிடையாது. பொதுவில் விழுந்த ஐந்து சீட்டும் அவருக்கு உதவவில்லை. கட்டில் போயிற்று, வேலையும் போயிற்று என்று எனக்கே பாவமாகிவிட்டது.

சூசை துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! அது வேணாம்னுச்சு, இந்த மனுசன் கேக்கல, போச்சு! பொய் சொல்லாத தேங்காய்ங்க அது!" அங்கேயே போனை எடுத்துப் போர் வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

நீரோட்டத்தார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன பண்றது சார், அவசரப்பட்டுட்டேன்."

தண்ணீர் வந்தது. சூசை ஒரு குடத்தில் கொண்டுவந்து லாட்ஜில் எல்லோருக்கும் ஊற்றினார். லேசாக உப்பு, அவர் முன்னால் யாரும் சொல்லவில்லை.

விசிறிக் கட்டிலில் நான் தனியாக இரண்டு நாள்கூடப் படுக்கவில்லை. இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டுவிட்டோம். காற்று நடுவில் விழுகிறது. அன்று அவர் தெரிந்தேதான் தோற்றாரா என்பது மட்டும் இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல். கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறார். கேட்க மனம் வரவில்லை.