புகாரே வராத புகார்ப் பிரிவு

மின் விநியோக நிறுவனத்தில் புகார்ப் பிரிவு என்று ஒன்று இருப்பது புகார்களைப் பெறுவதற்காக. பெற்ற புகாரை என்ன செய்வது என்பது வேறொரு பிரிவின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதில் புகார்ப் பிரிவு மூக்கை நுழைக்கக் கூடாது. இந்த எல்லையை மதித்து நடப்பதில் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் பேர் போனவர். தன் வீட்டில் கரண்ட் போனால்கூட முறைப்படி போன் செய்து, தன் பெயரைத் தானே எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பதிவு செய்கிறவர் அவர்.

அந்தப் பிரிவு தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. மூன்று மேஜை, மூன்று கறுப்பு போன், எதிரே மூன்று பெண்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். கரண்ட் போனதும் அறையில் விளக்கு அணையும், மின்விசிறி நிற்கும், மூன்று போன்களும் ஒரே நேரத்தில் அலறும். பழைய போன்களுக்கு வேண்டிய மின்சாரம் அவற்றின் கம்பியிலேயே வந்துவிடும் என்பதால், ஊரே இருண்டாலும் அவை மட்டும் சாகாது. பெரியக்கா கவிழ்த்த டம்ளரின் மேல் மெழுகுவர்த்தியை ஒட்டவைத்து, ஜனங்கள் திட்டுவதைப் பொறுமையாகக் கேட்டு, திட்டுக்கு நடுவே முகவரியைப் பொறுக்கி எடுத்து எழுதுவார். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் பெருமை இல்லை, ஆனால் கரண்ட் திரும்ப வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஊரில் எல்லோரும் இணைய போனுக்கு மாற ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் மாறினார். டயர் கடை மாறியது. முடி வெட்டும் கடைக்குப் போன் செய்தால், தலைக்கு ஒன்றை அழுத்தவும், தாடிக்கு இரண்டை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் கொஞ்சியது. கடைக்காரர் அந்தப் பக்கம் சும்மாதான் உட்கார்ந்திருப்பார், ஆனாலும் அழுத்தாமல் அவரிடம் பேச முடியாது. நிறுவனத்தின் பொது மேலாளர் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர், நாம் மட்டும் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறோமே என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

புது போன்களை மாட்ட வந்த வாலிபன் எதைக் கேட்டாலும் அது மேகத்தில் இருக்கிறது என்றான். அதனால் அவனுக்கு மேகம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

"இதுல கம்பி எங்க தம்பி?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"கம்பி எதுக்கு சார்? எல்லாம் மேகத்துல இருக்கு. இந்தப் பெட்டி வழியா நெட் வரும். பெட்டிக்குக் கரண்ட் குடுத்துட்டா போதும்."

"கரண்ட் போச்சுன்னா?"

வேலையைப் பார்வையிட வந்திருந்த பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாம யாரு?" என்றார்.

"மின் விநியோக நிறுவனம் சார்."

"நம்ம ஆபீஸ்ல கரண்ட் போகும்னு நாமளே சொல்லலாமா?"

சொல்லக் கூடாதுதான். கண்காணிப்பாளர் உடனே தன் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மேற்படி கேள்வி எழுப்பப்படவே இல்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். கறுப்பு போன்களைத் துணி சுற்றிக் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

மறு வாரம் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. பெரியக்கா பழக்கத்தில் போன் பக்கம் கையை நீட்டினார். போன் வாயே திறக்கவில்லை. மின்தடையின்போது சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மூன்று பெண்களும் நிம்மதியாகக் காபி குடித்தார்கள். பெரியக்கா, சூடாகவே குடித்தேன் என்று வீட்டில் போய்ச் சொன்னாராம்.

வெளியே போன் செய்தவர்களை மட்டும் நிறுவனம் கைவிட்டுவிட்டதா என்ன? மேகத்தில் கரண்ட் போகாது. அங்கிருந்து ஒரு தேன் குரல் பேசியது: "உங்கள் அழைப்பு எங்கள் உயிரினும் மேலானது. அலுவலர்கள் அனைவரும் பிற வாடிக்கையாளர்களுக்குச் சேவை செய்துகொண்டிருக்கிறார்கள். வரிசையில் நீங்கள்தான் முதலில் இருக்கிறீர்கள்." பிறகு புல்லாங்குழல்.

"எல்லாருக்குமே நீங்கதான் முதல்லன்னு சொல்லுதே?" என்று கண்காணிப்பாளர் வாலிபன் மேகத்திடம் கேட்டார்.

"நானூறாவது ஆள்னு சொன்னா மனசு கஷ்டப்படும் சார்."

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த வட்டாரம் முழுவதும் ஒரே மின்பாதை. புகார் வாங்கும் அலுவலகமும் அதே பாதையில்தான். ஆகவே கரண்ட் போனால் போன் கிடையாது, போன் இருந்தால் கரண்ட் இருக்கும். கரண்ட் இருக்கும்போது யார் புகார் செய்வார்கள்? மாத முடிவில் அறிக்கை வந்தது. மின்தடைப் புகார்கள்: ஒன்றுமில்லை. பொது மேலாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, எழுந்து நின்று மூன்றாம் தடவை படித்தார்.

நேரில் வந்தாவது சொல்லலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. அடுத்த தெருவில் அச்சகம் வைத்திருந்தவர் ஒரு நாள் கையெல்லாம் மையோடு கண்காணிப்பாளர் முன்னால் வந்து நின்றார்.

"சார், கரண்ட் இல்ல. மெஷின்ல பேப்பர் பாதி உள்ள, பாதி வெளிய மாட்டிக்கிட்டு நிக்குது."

"போன் பண்ணிச் சொல்லுங்க."

"நீங்கதான் எதிர்ல உட்கார்ந்திருக்கீங்களே."

"நான் இருக்கேன். ஆனா சிஸ்டத்துல நான் இல்ல. போன்ல வந்தாத்தான் புகார். நேர்ல வந்தா அது வருத்தம்."

அச்சகக்காரர் அங்கேயே நின்று தன் கைபேசியில் எண்ணை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. "நான்தான் முதல்ல இருக்கேனாம்," என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த செத்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பொது மேலாளர் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டனுப்பினார்.

"புகாரே வராத ஊருக்குப் புகார்ப் பிரிவு எதுக்கு?" என்றார் அன்போடு. "இந்த மாசமும் ஒரு புகார்கூட பதிவாகலைன்னா, பிரிவை மூடிடலாம்னு மேலிடத்துல முடிவு. நிர்வாக நலன் கருதி உங்களை மலைமேல இருக்கிற துணை மின்நிலையத்துக்கு மாத்துறோம். நல்ல காத்து."

 கண்காணிப்பாளர் அப்போதுதான் வீட்டுக்கு மாடி எடுத்துக் கட்டியிருந்தார். ஜன்னலுக்கு இன்னும் கதவு போடவில்லை. மனைவிக்கு இந்த ஊரில் பள்ளிக்கூட வேலை. மலைமேல் பனியும் மின்மாற்றியும் தவிர பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

"சார், போன் பெட்டிக்கு ஒரு பேட்டரி வாங்கிக் குடுத்தா..."

"தாராளமா. மின்தடை இருக்கிற ஆபீசுக்கெல்லாம் பேட்டரி உண்டு. மின்தடை இருக்குங்கிறதுக்கு ஆதாரம் வேணும்."

"என்ன ஆதாரம் சார்?"

"மின்தடைப் புகார்தான்."

இதில் குறை சொல்ல ஒரு இடம்கூட இல்லை என்பதுதான் கண்காணிப்பாளருக்கு வேதனை. இந்த விதியை எழுதியதே அவர்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். ஒரே ஒரு புகார் போதுமே, அது என்ன பெரிய காரியம் என்றார் அந்தம்மா. மறுநாள் பகலில், கரண்ட் நன்றாக இருந்த நேரத்தில் போன் செய்தார். பெரியக்கா எடுத்தார்.

"கரண்ட் இல்லைன்னு ஒரு புகார் எழுதிக்கோங்க."

"உங்க மீட்டர் இங்க தெரியுது மேடம். நல்லா ஓடுதே."

"நேத்து போச்சே?"

"நேத்து போனது நேத்தே வந்துடுச்சு. வந்த கரண்ட்டுக்கு எப்படி மேடம் புகார் எழுதுறது? பொய்ப் புகார்னு சிஸ்டமே தள்ளிடும். சார் பக்கத்துலதான் தலையில கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. குடுக்கட்டுமா?"

கண்காணிப்பாளர் வெட்கத்தை விட்டு வீடு வீடாகப் போனார். தயவுசெய்து புகார் செய்யுங்கள் என்று கெஞ்சினார். வாழ்நாளெல்லாம் இந்த நிறுவனத்தைத் திட்டியே பழகிய ஜனங்கள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். புகார் செய்தால் கட்டணத்தைக் கூட்டுவீர்களா என்று ஒருவர் கேட்டார். அச்சகக்காரரோ கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கம்பெனி விழாவுக்கு அழைப்பிதழ், பேனர் எல்லாம் நம்மகிட்டத்தான் அடிக்கிறாங்க. மின்தடையே இல்லாத வட்டாரம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நானே போய் கரண்ட் இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

விழா அந்த மாதத்தின் கடைசி நாளில், நகரின் மறுகோடியில், பெரிய கண்ணாடி மண்டபம் ஒன்றில் நடந்தது. கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் மண்டபம். நாற்காலி கொள்ளாத கூட்டம். கண்காணிப்பாளர் மனைவியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாராட்டுக் கேடயம் கிடைத்தது. மாறுதல் உத்தரவு அவருடைய சட்டைப் பையில் இருந்தது, நாளைய தேதி போட்டு.

பொது மேலாளர் பேசினார். "இன்று முதல் இந்த நகரம் முழுவதற்கும் இந்த ஒரே எண். எங்கே மின்தடை ஏற்பட்டாலும், அது ஏற்படாது எனினும், இதே எண்ணுக்கு அழைக்கலாம். தலைமை விருந்தினர் அவர்கள் பொத்தானை அழுத்தித் தொடங்கிவைப்பார்கள்."

தலைமை விருந்தினர் அழுத்தினார். பெரிய திரை, ஓடும் விளக்கு, புகை கக்கும் இயந்திரம் எல்லாம் ஒன்றாக உயிர் பெற்றன. அடுத்த நொடி எல்லாம் ஒன்றாக அணைந்தன. மண்டபம் இருட்டில் மூழ்கியது.

அந்த இருட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் கண்காணிப்பாளர்தான். மண்டபம் வேறு மின்பாதை. அலுவலகத்தில் கரண்ட் இருக்கும். பெட்டியில் விளக்கு எரியும், போன் அடிக்கும். இங்கே இத்தனை பேர் இருட்டில் இருக்கிறார்கள், இதோ ஒவ்வொருவராகக் கைபேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்துகிறார்கள். ஒரு புகார் போதும். ஒன்றே ஒன்று பதிவானால் பிரிவு பிழைக்கும், மாடிக்கு ஜன்னல் கதவு வரும். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் நடுவில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அப்போது முன்வரிசையில் ஒரு கைபேசி வெளிச்சம் மினுங்கியது. அதில் பெரியக்காவின் முகம் தெரிந்தது. பக்கத்தில் மற்ற இரண்டு பெண்களும் மடியில் கேடயத்தோடு இருந்தார்கள்.

கண்காணிப்பாளர் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். "ஆபீஸ்ல யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்ல சார். குரூப் போட்டோ எடுக்கணும், ஒருத்தர் குறையாம வரணும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் கதவை நோக்கி ஓடினார். தானாகத் திறக்கும் கதவு, கரண்ட் இல்லாததால் தானாகத் திறக்காமல் நின்றது. தள்ளிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே தெருவிளக்குகளும் அணைந்திருந்தன.

மண்டபத்தில் யாரும் பதறவில்லை. எல்லோருடைய காதிலும் புல்லாங்குழல் ஒலித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு முதல் இடம்," என்றார் தலைமை விருந்தினர். எங்கே போனாலும் முதல் இடம் கிடைத்துப் பழகியவர் என்பதால் அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கும் முதல் இடம்தான்," என்றார் பொது மேலாளர் பணிவோடு.

அச்சகக்காரர் இருட்டில் கண்காணிப்பாளரின் தோளைத் தொட்டார். "இத்தனை நாள் உங்க ஆளுங்கள வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருந்தேன் சார். மன்னிச்சுக்கோங்க. இவ்வளவு பெரிய மனுஷங்க இருக்கிற இடத்துலயும் என்னைத்தான் முதல்ல வெச்சிருக்காங்க."

கண்காணிப்பாளர் தடவித் தடவித் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். வேறு வழி தெரியவில்லை. முறைப்படி தன் கைபேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். தேன் குரல் பேசியது. இத்தனை வருட உத்தியோகத்தில் அவரை யாரும் எதிலும் முதலில் வைத்ததில்லை.

"என்னங்க," என்றார் மனைவி மெதுவாக, "மலைமேல ரொம்பக் குளிருமா?"

"கொஞ்சம் இரு," என்றார் அவர், போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு. "நான்தான் முதல்ல இருக்கேன்."