பாசிக்குளத்தில் இராசரத்தினம் பிடித்த மீன்

"அத்தான், இண்டைக்கு நானும் உங்களோடை மீன்பிடிக்க வாறன்."

பாரிஸிலிருந்து வந்திருந்த மைத்துனன் பிரதாபன் காலங்காத்தாலே தூண்டிலும் கையுமாக நின்றதைப் பார்த்து இராசரத்தினத்துக்குத் தேத்தண்ணீர் புரையேறியது. காரணம் இருந்தது. அவர் தன் வாழ்நாளில் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை.

அவர் பிளம்பர். கிழமையில் ஆறு நாள் லண்டன் முழுக்க ஒழுகும் குழாய்களை அடைப்பார். ஏழாம் நாள் மனைவி ஜெயகௌரியின் சொந்தக்காரர் வீட்டுக் குழாய்கள் ஒழுகத் தொடங்கும். ஆர்ச்வேயில் சித்தி வீட்டுப் பாத்ரூம், வெஸ்ட் ஈலிங்கில் பெரியப்பா வீட்டுச் சுடுதண்ணிப் பொய்லர். சொந்தபந்தத்துக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதற்காகத்தான் மனிதர் மீன்பிடியைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹீத்ரோ விமான நிலையப் பக்கமுள்ள ஒரு குளத்தடியில் தன் வேலை வண்டியான வானை நிறுத்துவார், போனை நிறுத்துவார், மதியம் வரை குறட்டை விடுவார். வரும் வழியில் சவுத்தாலில் மாதவனின் மீன்கடையில் ஒரு சீ பாஸ் மீன் வாங்கி, "பிடிச்சனான்" என்று மனைவியிடம் கொடுப்பார். அவருக்கு வாய்த்த ஒரே நித்திரை அது. இன்று அதற்கும் ஆபத்து வந்துவிட்டது.

"அது சரியான பாசிக்குளம் தம்பி. உனக்குச் சரிவராது," என்றார்.

"பாசிக்குள்ளைதான் அத்தான் பாஸ் படுத்திருக்கும். அமெரிக்காக்காரர் வீடியோவிலை காட்டுறாங்கள். மேலாலை இதை இழுத்தால் பாய்ஞ்சு கவ்வுமாம்." பையிலிருந்து ஒரு பச்சை ரப்பர் தவளையை எடுத்துக் காட்டினான்.

அமெரிக்கக் குளத்துப் பாஸ் வேறு, சவுத்தால் பாஸ் வேறு, இரண்டாவது கடல்மீன் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

"கூட்டிக்கொண்டு போங்கோவன்," என்றாள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ஜெயகௌரி. "அவனும் பழகட்டும்."

சவுத்தாலில் வானை நிறுத்தினார். "தின்ன றோல்ஸ் வாங்கிக்கொண்டு வாறன். நீ இறங்காதை," என்று சொல்லிவிட்டு மீன்கடைக்கு ஓடினார். மாதவன் பழக்கதோஷத்தில், அவர் வாயைத் திறக்குமுன்னே மீனின் செதிலைச் சுரண்டி, வயிற்றைக் கீறி, குடலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். வேறு மீன் கேட்க நேரமில்லை. மீன் ஸ்பானர்ப் பைக்குள் போனது.

குளம் பச்சைச் சம்பலைக் கொட்டி மூடியதுபோலக் கிடந்தது. பிரதாபன் தவளையை எறிந்தான். அது பாசியின் மேல் குந்தியிருந்தது. ஒரு வாத்து வந்து பார்த்துவிட்டுப் போனது.

இராசரத்தினம் நாணல் மறைவுக்குப் போய், தன் தூண்டில் கொக்கியை மீனின் வாயில் மாட்டிக் குளத்துக்குள் வீசினார். மீன் தாழவில்லை. பாசிக்கு மேலே, பீங்கானில் பரிமாறியதுபோலப் படுத்திருந்தது. அவர் தூண்டிலை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பிரதாபன் இந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

"மாட்டிட்டுது," என்று கத்திக்கொண்டே இழுத்தார்.

பிரதாபன் ஓடிவந்து மீனைத் தூக்கிப் பார்த்தான். "அத்தான், இதுக்குக் குடலைக் காணேல்லை."

"உள்ளை பெரிய மீன் ஒண்டு நிக்குது. அது கடிச்சிருக்கும்."

"செதிலும் இல்லையே."

"பாசி உரசி உரசிப் போட்டுது."

பிரதாபனின் கண் பளபளத்தது. "அப்ப அந்தப் பெரிசைப் பிடிக்காமல் வீட்டை போறேல்லை."

இராசரத்தினத்துக்கு அழுகை வந்தது. வானுக்குள் தலையணை வேறு காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரக் கிழவர், மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்து சேர்ந்தார். இங்கே பிடிக்கும் மீனை உடனே திரும்ப விடவேண்டும், அதுதான் சட்டம் என்றார். இராசரத்தினம் மீனையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மைத்துனனுக்குத் தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் குனிந்து, குடலில்லாத மீனைப் பக்குவமாகக் குளத்தில் விட்டார். அது மறுபடியும் பாசிமேல் படுத்துக்கொண்டது.

"களைத்துப் போயிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், நீந்தும்," என்றார் கிழவர்.

மூன்று பேரும் மரியாதையாக நின்று பார்த்தார்கள். ஒரு கொக்கு இறங்கிவந்து மீனைக் கவ்விக்கொண்டு ஹீத்ரோ பக்கமாகப் பறந்தது.

பிரதாபன் உடனே போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. "அக்காவுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன், அத்தான்."

இராசரத்தினம் தூண்டிலைக் கீழே போட்டார். "எல்லாம் எண்டால்?"

"நீங்கள் மீன் பிடிச்சது, கொக்கு கொண்டுபோனது. வெறுங்கையோடை வரவேண்டாமாம். சித்தியும் பெரியப்பாவும் நீங்கள் பிடிச்ச மீன் தின்ன வந்திருக்கினமாம்."

சித்தியும் பெரியப்பாவும். வெறுங்கையோடு போனால், 'மீன்தான் கிடைக்கிறேல்லையே, அடுத்த ஞாயிறு எங்கடை பொய்லரைப் பாருங்கோ' என்று தொடங்குவார்கள். பிறகு ஆயுசுக்கும் நித்திரை இல்லை.

பெரிய மீனை அடுத்தமுறை பிடிக்கலாம் என்று மைத்துனனைச் சமாளித்து வானில் ஏற்றினார். சவுத்தாலில் மறுபடியும் நிறுத்தி, தலைவலிக் குளிசை வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மீன்கடைக்குள் பாய்ந்தார். மாதவனைக் காணவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த றொசாந்தி நின்றாள். ஐஸ் பெட்டியில் ஒரேயொரு சீ பாஸ், கண்ணும் செதிலுமாக முழுசாகக் கிடந்தது.

"தங்கச்சி, அதைத் தாங்கோ. வெட்டவேண்டாம், அப்பிடியே தாங்கோ. கெதியா."

"அது தர ஏலாது அண்ணை," என்றாள் றொசாந்தி. "ஒரு அக்கா இப்பதான் போன் பண்ணி எடுத்து வைக்கச் சொன்னவ. அவவின்ரை மனுசன் குளத்திலை பிடிச்ச மீனைக் கொக்கு கொண்டுபோட்டுதாம். பாவம், அந்த ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தானாம் நித்திரை."